பழைய மாருதி 800-இல் ஐடிலிங் தடுமாற்றம்: காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் வழிகாட்டி

வண்டி ஓடும்போது குறையொன்றும் தெரியாது; சிக்னலில் நின்று ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில், ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கும், இன்ஜின் ஒரு சீரில் நிற்காமல் ஏறி இறங்கும், சில நேரம் அணைந்தே போகும். இந்தக் குறையோடு பட்டறைக்குப் போனால், பெரும்பாலும் முதலில் நடப்பது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டிவிடுவதுதான். நடுக்கம் அப்போதைக்கு மறையும். காரணம் அப்படியே இருக்கும். இரண்டு மாதம் கழித்து அதே குறை திரும்பி வரும்போது, முன்பு இருந்த சரியான செட்டிங்கும் கலைந்திருப்பதால், உண்மைக் காரணத்தைத் தேடுவது இன்னும் கடினமாகிவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் அந்த ஸ்க்ரூ கடைசியில்தான் வரும்.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆம்னி வேனிலும் இதே அளவுள்ள மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். கார்புரேட்டர் உள்ள வேறு பழைய கார்களுக்கும் சோதிக்கும் வரிசை இதுவே. அளவுகள் மட்டும் மாறும். அவற்றை பானட்டின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ சர்வீஸ் மேனுவலிலோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஓடும்போது செய்யும் சோதனைகள் அனைத்தையும் திறந்த வெளியில் செய்யுங்கள். கதவடைத்த ஷெட்டில் ஐந்து நிமிடம் ஓடினாலும் சைலன்சரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லக்கூடியது, அதற்கு வாசனையும் கிடையாது. ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவதால், சூடு ஏறியதும் முன்னறிவிப்பின்றிச் சுழலத் தொடங்கும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் அருகில் போகக் கூடாது.

முதல் படி: தொடாமல் கவனிப்பது

எந்த ஸ்பேனரையும் எடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தடுமாறுகிறதா, சூடான பிறகா, எப்போதுமா? ஹெட்லைட்டோ ஏசியோ போட்டால் மட்டும் தடுமாறுகிறதா? ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்து 2000 ஆர்பிஎம் அளவில் பிடித்தால் சீராகிறதா, அப்போதும் மிஸ் அடிக்கிறதா (சிலிண்டரில் எரிப்பு விட்டுப்போகிறதா)?

கடைசிக் கேள்விக்குரிய விடைதான் அதிகம் பயன்படும். வேகம் கூடியதும் முற்றிலும் சீராகிவிடுகிறது என்றால், குறை பெரும்பாலும் ஏர் லீக்காகவோ, ஐடிலிங்குக்கான பெட்ரோல் வரும் நுண்துளையான ஸ்லோ ஜெட்டின் அடைப்பாகவோ இருக்கும். காரணம், எங்கிருந்தோ உள்ளே கசியும் கொஞ்சக் காற்று, இன்ஜின் மிகக் குறைவாக மூச்சிழுக்கும் ஐடிலிங்கில்தான் பெரிய பங்காகிறது. ஆக்சிலரேட்டரோடு இணைந்த காற்றுத் தட்டான த்ராட்டில் திறந்து காற்று அதிகமாகப் போகும்போது அந்தக் கசிவு கணக்கில் வராத அளவுக்குச் சிறுத்துவிடும். மாறாக, எந்த வேகத்திலும் மிஸ் அடித்தால், பிளக், ஒயர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) என்று ஒரு குறிப்பிட்ட சிலிண்டரைச் சேர்ந்த காரணங்களை நோக்கிப் போக வேண்டும்.

அடுத்து சைலன்சர் முனைக்குப் பின்னால் நின்று கேளுங்கள். ஐடிலிங் வேகம் 900 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஏழெட்டு முறை எரிகிறது. ஒரு சிலிண்டர் முழுவதுமாகச் செத்திருந்தால், மூன்று தட்டில் ஒரு தட்டு தவறாமல் விடுபடும் தாளம் காதுக்குத் தெளிவாகப் பிடிபடும். எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டுப்போனால், குறை எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஓரிடத்தில் இருக்கிறது என்று பொருள்: கார்புரேட்டர், பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் காயில், அதைப் பிளக்குகளுக்கு முறைப்படி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை அத்தகைய இடங்கள். ஒரு துண்டுச் சீட்டைக் குழாய் முனைக்கு அருகில் பிடித்தால் இது கண்ணுக்கும் தெரியும். சீரான இன்ஜினில் சீட்டு வெளிநோக்கி ஒரே அளவில் படபடக்கும். இடையிடையே அது குழாயை நோக்கி உள்ளே இழுக்கப்பட்டால், எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்று ஐயப்பட வேண்டும்.

நடுக்கம் என்பதாலேயே அது மிஸ்ஃபயர் ஆகிவிடாது. மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பாகவே நான்கு சிலிண்டரைவிட ஆட்டம் அதிகம். அதை வண்டியின் உடலுக்குக் கடத்தாமல் தடுப்பது இன்ஜின் மவுண்ட் ரப்பர்தான். புகைக்குழாயில் சத்தம் ஒரே சீராக இருந்தும் உள்ளே உட்கார்ந்தால் டேஷ்போர்டு அதிர்கிறது என்றால், மவுண்ட் ரப்பர் வெடித்திருக்கிறதா, இரும்போடு இரும்பு முட்டுகிறதா என்று பாருங்கள். சைலன்சர் குழாய் அடிச்சட்டத்தில் எங்காவது உரசினாலும் இதே அதிர்வு வரும். அப்படியிருந்தால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை.

இரண்டாம் படி: எந்தச் சிலிண்டர்?

தாளம் விடுபடுவது உறுதியானால், எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஒருவரை ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 1200 ஆர்பிஎம் அளவில் பிடிக்கச் சொல்லுங்கள். வேகத்தைக் கூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே ஒரு சிலிண்டர் செத்திருக்கும் இந்த இன்ஜினில் இன்னொன்றையும் துண்டித்தால் மிச்சம் ஒன்றுதான். ஐடிலிங் வேகத்தில் அது உடனே அணைந்துவிடும், எதையும் ஒப்பிட முடியாது.

பிறகு ஒவ்வொரு பிளக் ஒயராக, நல்ல ரப்பர் பிடியுள்ள பிளையரால் பிடித்து, இரண்டு மூன்று நொடி மட்டும் கழற்றி மாட்டுங்கள். வெறுங்கையால் தொடக் கூடாது. கழற்றிய ஒயரின் பொறி தாவிப் போக ஒரு வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் காயிலும், எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள மாடலில் அந்த யூனிட்டும் பழுதாகலாம். ஆகவே ஒயர் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் இரும்பு உடல் இன்ஜினின் இரும்பைத் தொடும்படி முன்பே வைத்துக்கொள்வது நல்லது. எந்த ஒயரைக் கழற்றினால் இன்ஜின் சத்தம் தளர்ந்து வேகம் குறைகிறதோ அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எதைக் கழற்றியும் மாற்றமே இல்லையோ அதுதான் குற்றவாளி.

கண்டுபிடித்த பின் புதுச் சாமான் வாங்க ஓடாதீர்கள். அந்தச் சிலிண்டரின் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றி மாட்டி, மீண்டும் சோதியுங்கள். குறை பிளக்கோடு இடம் மாறினால் பிளக்கை மாற்றினால் போதும். மாறவில்லையென்றால் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒயரைச் சோதிக்க வேண்டும். ஒயர்களின் நீளம் இடம் மாற்ற ஒத்துவந்தால் மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் மல்டிமீட்டரில் மூன்றின் மின்தடையையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து பெரிதும் விலகி நின்றால் அதை மாற்றலாம். பிளக்கும் ஒயரும் நன்றாக இருந்தும் அதே சிலிண்டர் செத்தே கிடந்தால், கேள்வி கம்ப்ரஷனை நோக்கித் திரும்புகிறது.

மூன்றாம் படி: பொறி

பிளக்கைக் கழற்றியதும் துடைக்காமல் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்ல எரிப்பைக் காட்டுகிறது. உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுந்த கலவையையோ மூடியபடி சிக்கிய சோக்கையோ (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தட்டு) காட்டும். பெட்ரோல் நனைந்து வாசனை அடித்தால் அங்கே பொறி விழவில்லை. வழவழப்பான எண்ணெய், ரிங்கோ வால்வ் ஸ்டெம் சீலோ தேய்ந்ததன் அடையாளம். வெள்ளைச் சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்த கலவை, அல்லது ஏர் லீக். மூன்று பிளக்கையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் வேறாக இருப்பதும் மூன்றும் ஒரே மாதிரி கெட்டிருப்பதும் வெவ்வேறு நோய்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உட்புறத்தில் மயிரிழை போன்ற கருங்கோடு ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உயர் அழுத்த மின்சாரம் தனக்கான குறுக்கு வழியைக் கரியாக எழுதி வைத்திருக்கும் தடம் அது. மழைக்காலத்துக் காலையில் மட்டும் தடுமாறி, சூடானதும் சரியாகும் வண்டிகளில் இங்கேதான் பெரும்பாலும் விடை கிடைக்கிறது. ஒயர் கசிகிறதா என்று அறிய எளிய வழி, இரவில் விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, ஒயர்களின் மேல் தண்ணீரைப் பனிபோல மெல்லத் தெளிப்பது. கசியும் இடத்தில் நீல நூல் போல் மின்பொறி ஓடுவது தெரியும். மூடியைக் கழற்றி மாட்டும்போது ஒயர்களை இடம் மாற்றிவிடாமல் அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-2.

உங்கள் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) இருந்தால், அதன் முகங்கள் குழி விழுந்து கருகியிருக்கின்றனவா என்று பார்த்து, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளக்க வேண்டும். புதிதாகப் போட்ட பாயிண்ட் சீக்கிரமே கருகினால் கண்டென்சரை மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டையும் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். அதன் புஷ் தேய்ந்திருந்தால் எந்த டியூனிங்கும் நிற்காது: பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை அடித்துப் பார்க்கும்போது குறி ஒரே இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் குதித்துக்கொண்டிருக்கும். இந்தக் குறை இருப்பது தெரியாமல் கார்புரேட்டருக்கு மேல் கார்புரேட்டராக மாற்றிப் பணத்தை வீணாக்குபவர்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான்காம் படி: எங்கிருந்தோ இழுக்கும் காற்று

மெக்கானிக்குகள் “ஏர் எடுக்கிறது” என்று சொல்வது இதைத்தான். கார்புரேட்டர் வழியாக அளந்து வர வேண்டிய காற்றுக்கு மேல், வெடித்த ஹோஸ், காய்ந்த கேஸ்கட், தளர்ந்த நட்டு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. பழைய வண்டியில் முதலில் ஐயப்பட வேண்டியது இதையே என்பது என் கருத்து. ரப்பரின் ஆயுள் இன்ஜினின் ஆயுளைவிடக் குறைவு.

இன்ஜினின் உறிஞ்சலை மற்ற பாகங்களுக்குக் கொண்டுபோகும் வேக்யூம் ஹோஸ் ஒவ்வொன்றையும் முனையில் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது தெரியாத வெடிப்பு வளைத்தால் வாய் திறக்கும். பிறகு இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு ஹோஸாக விரலால் அழுத்தி மூடுங்கள். ஏதேனும் ஒன்றை மூடியதும் ஐடிலிங் சீரானால், அந்த ஹோஸோ அது போய்ச் சேரும் பாகமோ கசிகிறது. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்குச் செல்லும் தடித்த ஹோஸையும், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸ் டயாஃப்ரத்தையும் (பொறி நேரத்தை மாற்றும் சவ்வு) மறக்கக் கூடாது. பூஸ்டர் டயாஃப்ரம் கிழிந்திருந்தால் பிரேக் பெடலும் கனமாகும். அது ஐடிலிங் பிரச்சினையைவிட அவசரமானது.

கார்புரேட்டருக்கும், கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாயான மேனிஃபோல்டுக்கும் இடையே உள்ள கேஸ்கட்டையும் இன்சுலேட்டரையும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. பலரும் அங்கே கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து வேகம் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். அது தீப்பற்றும் திரவம். சூடான எக்ஸாஸ்ட் மேலோ கசியும் ஒயர் மேலோ பட்டால் பானட்டுக்குள் நெருப்புதான். தண்ணீரையே மெல்லத் தெளித்துப் பாருங்கள். கசிவு உள்ள இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, சில நொடிகள் ஐடிலிங் மாறும். கார்புரேட்டர் நட்டுகளை இறுக்குவதாயின் சமமாக, அளவோடு இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் வெறியோடு இறுக்கினால் அடித்தளம் வளைந்து, கசிவு நிரந்தரமாகிவிடும்.

ஒரு வேக்யூம் கேஜ் வாங்கி வைத்துக்கொள்வது இந்த வேலைக்கு மிகப் பயன்படும். த்ராட்டில் தட்டுக்குக் கீழே, மேனிஃபோல்டிலிருந்து வரும் இணைப்பில் அதைப் பொருத்துங்கள். கடல்மட்டத்தில், சூடான நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) வரை காட்டும். முள் அசையாமல் நிற்கும். தாழ்ந்த அளவில் அசையாமல் நின்றால் ஏர் லீக், பின்தங்கிய இக்னிஷன் டைமிங், பல் தாவிய டைமிங் பெல்ட் ஆகியவற்றுள் ஒன்று. ஒரே இடைவெளியில் முள் டக்கென்று விழுந்து எழுந்தால் ஒரு வால்வோ ஒரு சிலிண்டரோ சரியில்லை. மெல்ல மேலும் கீழும் மிதந்தால் கலவை சரியில்லை. ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்: சென்னையில் 19 காட்டும் அதே ஆரோக்கியமான இன்ஜின், 2240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் 12 அளவில்தான் காட்டும். அங்கே அதைக் குறையென்று எண்ணி இன்ஜினைப் பிரித்துவிடக் கூடாது.

ஐந்தாம் படி: கார்புரேட்டரும் பெட்ரோலும்

இதுவரை எல்லாம் சரியென்றால்தான் கார்புரேட்டரிடம் வர வேண்டும். முதல் சோதனைக்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஐடில் சாலினாய்டு (ஐடிலிங் பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வு) உள்ள கார்புரேட்டரில், சாவியை இக்னிஷன் நிலைக்குத் திருப்பியதும் அதிலிருந்து ‘டிக்’ என்ற சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் ஒயரையோ சாலினாய்டையோ பாருங்கள். அது திறக்காதவரை ஐடிலிங்குக்கான பெட்ரோல் போகாது, காலை எடுத்ததும் வண்டி அணையும். சோக் நாப்பை முழுவதும் உள்ளே தள்ளிய பிறகும் சோக் தட்டு பாதி மூடியே நிற்கிறதா என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பதும் ஒரு நிமிட வேலை.

சோக்கைச் சிறிது இழுத்தால் ஐடிலிங் சீராகிறது என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை: ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது நான்காம் படியில் ஏதோ ஒரு கசிவு விட்டுப்போயிருக்கலாம். இழுத்தால் இன்னும் மோசமாகிறது என்றால் பெட்ரோல் மிகுதி. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட்டின் மட்டத்தையும் நீடில் வால்வையும் பாருங்கள். ஸ்லோ ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தவே கூடாது. பித்தளைத் துளை ஒரு முறை அகன்றால் பிறகு எந்த ஸ்க்ரூவும் அதைச் சரிசெய்யாது. கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதுவதே முறை.

பெட்ரோலின் குணமும் இப்போது மாறியிருக்கிறது. பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. சுத்தமான பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப் போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். இ20-க்கு அது ஏறத்தாழ 13.5. பழைய பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட்டுகள் மாறவில்லை என்பதால், அதே கார்புரேட்டர் இன்று காற்று மிகுந்த கலவையைத்தான் தரும். ஐடிலிங்கில் அது தடுமாற்றமாக வெளிப்படலாம். மேலும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும், டேங்கில் படிந்த அழுக்கைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியென்றால் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, ஃபில்டரை மாற்றி, எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் போட்ட பிறகு மற்றதைப் பேசலாம்.

கேஸ் கிட் பொருத்திய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கேஸில் மட்டும் தடுமாறினால் திரவ கேஸை ஆவியாக்கும் வேப்பரைசரையும், பெட்ரோலில் மட்டும் தடுமாறினால் கார்புரேட்டரையும், இரண்டிலும் தடுமாறினால் இக்னிஷன், ஏர் லீக், கம்ப்ரஷன் ஆகியவற்றையும் பார்த்தால் போதும்.

2000-க்குப் பின் வந்த எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர்கள் மூலம் பெட்ரோலைத் தெளிக்கும்) மாடல்களில் கார்புரேட்டர் இல்லை. செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் முதலில் பிழைக் குறியீட்டைப் படிக்க வேண்டும். எரியாவிட்டாலும் த்ராட்டில் பாடியில் படியும் கரி, ஐடிலிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு, கூலன்ட் வெப்பநிலை சென்சார், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் ஹோஸ் ஆகியவை பழகிய குற்றவாளிகள். இவற்றில் சிலிண்டர் சோதனைக்குப் பிளக் ஒயரைக் கழற்றுவதைவிட இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றுவது நல்லது; எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுடாமல் இருக்கும்.

ஆறாம் படி: கம்ப்ரஷனும் டேப்பெட்டும்

சூடான இன்ஜினில் மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காவிட்டால் காற்றே உள்ளே போகாது, எல்லா அளவும் பொய்யாகத் தாழ்ந்து காட்டும். தனி அளவைவிட மூன்றுக்கும் இடையே உள்ள ஒற்றுமை முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும்: அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டும் சேர்ந்து தாழ்ந்து, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்.

வால்வு என்று தெரிந்தாலும் உடனே ஹெட்டை இறக்க வேண்டாம். வால்வைத் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளி குறைந்து, சூடானதும் வால்வு முழுவதும் மூடாமல் நிற்பதே காரணமாக இருக்கலாம். சத்தம் போடும் டேப்பெட்டை எல்லோரும் கவனிக்கிறார்கள். சத்தமே போடாத இறுகிய டேப்பெட்தான் வால்வைச் சுட்டெரிக்கிறது. கேஸில் அதிகம் ஓடிய வண்டியில் வால்வு சீட் தேய்ந்து இடைவெளி குறைவது வழக்கம். ஃபீலர் கேஜால் மேனுவல் அளவுக்கு வைத்து, மீண்டும் கம்ப்ரஷன் பாருங்கள்.

ஏழாம் படி: இப்போது ஸ்க்ரூ

மேலுள்ளவை அனைத்தும் சரியான பின், இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஏர் ஃபில்டர் மாட்டிய நிலையில், ஏசியும் விளக்கும் அணைந்திருக்க, த்ராட்டிலைத் தாங்கும் ஐடில் ஸ்க்ரூவால் குறித்த வேகத்தை வையுங்கள். பிறகு கலவை ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகுங்கள். தடுமாறத் தொடங்கும் இடத்தை நினைவில் வைத்து, வேகம் மிகக் கூடிச் சீராக நிற்கும் இடம் வரை வெளியே கொண்டு வாருங்கள். கூடிய வேகத்தை ஐடில் ஸ்க்ரூவால் குறைத்து, மறுபடி கலவையைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் இரண்டும் இணங்கி வரும். திருகும்போது எங்கும் எந்த மாற்றமும் தெரியவில்லையென்றால் ஸ்லோ ஜெட் வழியில் இன்னும் அடைப்பு இருக்கிறது, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

முடிவில் ஹெட்லைட்டைப் போட்டு, ஏசி இருந்தால் அதையும் போடுங்கள். ஏசி போட்டதும், ஐடிலிங்கைத் தானாகத் தூக்கும் ஐடில்-அப் இயங்கி வேகத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அது இயங்காமல் இன்ஜின் தளர்ந்தால், அதற்காக ஐடில் ஸ்க்ரூவைக் கூட்டாமல் ஐடில்-அப்பின் டயாஃப்ரத்தையும் வேக்யூம் ஹோஸையும் பாருங்கள். பிறகு வண்டியை ஒரு அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, நின்று நின்று வந்து, மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினையும் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, வைத்த அளவுகளை சர்வீஸ் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.